கக்கத்துக் கட்டியின் வாடையோடு தினமும் வேலைக்குப் போவது எப்படி?

கேள்வி: நெய்தல்மகள், தேவிபட்டினம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். 18 வயதில் இடது கக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. சித்திரை மாதம் என்பதால் சூட்டுக் கட்டி என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இளநீரும் நன்னாரியும் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். அது உடைந்து ஆறியது. ஆறிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் வந்தது. இன்று இரண்டு கக்கங்களிலும் தொடை இடுக்கிலும் தழும்பு தழும்பாக இருக்கிறது. ஒரு கட்டியை அழுத்தினால் இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் இன்னொரு வாயிலிருந்து சீழ் வருகிறது. நான்கு முறை கீறி எடுத்துவிட்டார்கள். ஒருமுறை போன தனியார் மருத்துவமனையில், கையைத் தூக்கிக் காட்டச் சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தினமும் குளிக்க மாட்டாயா?" என்று கேட்டார். அதன் பிறகு மூன்று ஆண்டுகளாக நான் யாரிடமும் காட்டவில்லை.

வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வாடையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் குளித்துவிட்டுக் கிளம்பும்போது ஒன்றும் இருப்பதில்லை. பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்று இறங்கும்போதே ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். மதியத்துக்குள் எனக்கே தெரிகிற அளவுக்கு வாடை வந்துவிடுகிறது. போன மாதம் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் அமர்பவர் ஒன்றும் சொல்லாமல் தம் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். அன்றிலிருந்து மதிய உணவை வகுப்பறையிலேயே தனியாகச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் நிலைமையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்று குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துப் பிடித்து வருவோம். அது குடிக்கவும் சமைக்கவுமே சரியாகப் போகும். குளிப்பதும் துவைப்பதும் ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரில்தான். சோப்பு நுரைக்காது, துவைத்த துணியிலும் வாடை முழுதாகப் போவதில்லை. இதுவரை நான் செய்தவை: ஒரு நாளைக்கு மூன்று முறை நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது, வாசனைத் திரவியம் அடிப்பது, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொள்வது. அத்தை, எங்கள் ஊரில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயிலில் மூழ்கி எழுந்தால் சரியாகும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், கரிமூட்டத்திலிருந்து கருவேலங்கரி வாங்கி இடித்துப் பொடியாக்கிப் பூசச் சொல்கிறார்.

இதே துன்பத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாளை எப்படிக் கடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.


பதில் 1: தங்கச்சிமடத்து அக்கா

தங்கையே, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் இருந்தேன். எனக்கும் இதே நோய்தான். 14 ஆண்டுகள் ஆகின்றன. நானும் மூன்று வேளை நார் போட்டுத் தேய்த்தவள்தான், அதனால் முதலில் அதை நிறுத்தச் சொல்கிறேன். தேய்க்கத் தேய்க்கத் தோல் உரிந்து, கட்டிகள் அதிகமாகி, நீர் அதிகமாகக் கசிந்து, வாடையும் கூடியதே தவிரக் குறையவில்லை. நாருக்குப் பதிலாக உள்ளங்கையால் மெதுவாகக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் கையைத் தலைக்கு மேல் வைத்து மின்விசிறிக் காற்றில் உலரவிடத் தொடங்கிய பிறகே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கடைசியாக ஊற்றும் இரண்டு செம்பு தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீராக வைத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு குடம் தேவையில்லை, இரண்டு செம்பு போதும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று நான் கவனித்துப் பார்த்தேன். கசிந்த நீர் துணியில் ஊறி, சூட்டில் சில மணி நேரம் இருந்த பிறகுதான் அது கிளம்புகிறது. ஆகவே நீரை ரவிக்கைக்கு வராமல் பிடிப்பதும், பிடித்ததை நேரத்தோடு மாற்றுவதுமே முக்கால் வேலை. பிளாஸ்திரி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியர்வையில் கழன்றுவிடும், கழலாவிட்டால் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். மாதவிடாய்க்கு வைக்கும் நாப்கினில் மெல்லியதாக, வாசனை சேர்க்காததாக வாங்கி, இரண்டாக வெட்டி, ஒட்டும் பக்கம் ரவிக்கையில் படும்படி வைக்கிறேன். புண் வாயின் மேல் மருந்துக் கடையில் விற்கும் காஸ் துணியை மடித்து வைத்துக்கொள்வேன். காலை பத்தரைக்கு ஒரு முறை, மதியம் ஒன்றரைக்கு ஒரு முறை, நிறைந்திருந்தாலும் நிறையாவிட்டாலும் மாற்றிவிடுவேன். நிறைந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருந்தால், அதற்கு முன்பே வாடை வெளியே வந்துவிடும். கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். திறந்த குப்பைக் கூடையில் போட்டால் அறை முழுவதும் தெரியும்.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் ரவிக்கை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை முறை துவைத்தாலும் உடம்புச் சூடு பட்டதும் மறுபடியும் கிளம்பும். ரவிக்கையை மட்டுமாவது பருத்தியில் தைத்துக்கொள்ளுங்கள். கைக்குழியை ஒரு விரற்கடை தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். கழற்றியதும் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். சீழும் இரத்தமும் பட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு வெந்நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் துணிப்பொடியும் கரைத்து ஊற வையுங்கள். நம் உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு பாதி வீணாகித் துணியிலேயே பிசுக்காகப் படிந்துவிடுகிறது. சோடா சேர்த்த தண்ணீரில் பொடி நன்றாக வேலை செய்யும். பிறகு நல்ல வெயிலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப் போடுங்கள். மற்ற எதற்குப் பஞ்சம் இருந்தாலும் நம் கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

வாசனைத் திரவியத்தை விட்டுவிடுங்கள். கீழக்கரையில் என் தோழி வீட்டில் நல்ல அத்தர் கொடுத்தார்கள் என்று ஒரு விழாவுக்குப் பூசிக்கொண்டு போனேன். இரண்டும் கலந்த வாடை தனி வாடையைவிட மோசமாக இருந்தது, மறுநாள் தோலும் சிவந்து எரிந்தது.

இன்னொன்று, மூக்கை முழுதாக நம்பாதீர்கள். நமக்கு நம் வாடை சில நேரம் தெரிவதே இல்லை. சில நேரம் பயத்தினால், இல்லாத வாடையும் இருப்பதாகத் தோன்றுகிறது. நான் என் நாத்தனாரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் கிளம்பும் முன் அவரிடம் கேட்பேன். அவர் உண்மையைச் சொல்ல வேண்டும், நான் வருத்தப்படக் கூடாது. முதல் இரண்டு வாரம் இருவருக்குமே கடினமாக இருந்தது. இப்போது பத்து நாட்களில் எட்டு நாட்கள் அவர் "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்றுதான் சொல்கிறார், அந்த எட்டு நாட்களும் முன்பு நான் தலை குனிந்து நடந்த நாட்கள்.


பதில் 2: கட்டு போடுபவர்

வணக்கம். நான் தோல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த செவிலியர். எழுத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது; மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் திரும்பத் திரும்ப வருவது, தழும்பு விழுவது, ஒரு வாயை அழுத்தினால் மறு வாயில் சீழ் வருவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவர் முதலில் நினைக்கும் பெயர் ஹைட்ராடினைட்டிஸ் சப்புரேட்டிவா. அந்தப் பெயரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் இந்த நோயை ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த கட்டி என்று நினைத்துக் கீறி அனுப்பிவிடுவதால், சரியான பெயர் தெரியவே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

உங்களிடம் "குளிக்க மாட்டாயா" என்று கேட்டவர் தவறாகக் கேட்டார். இது மயிர்க்கால்கள் அடைபட்டு, உள்ளே வெடித்து, உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறிப் பொங்குவதால் வரும் நாள்பட்ட அழற்சி. அழுக்கினால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. 1839இல் வெல்போ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை விவரித்தார். 1854இல் வெர்னாய் என்ற இன்னொருவர் வியர்வைச் சுரப்பியின் நோய் என்று கருதி அதற்கேற்பப் பெயர் வைத்தார். அந்தக் கருத்து பிறகு மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. வியர்வை, அழுக்கு என்ற பழி இன்றும் நோயாளியின் தலையில் விழுவதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வாடைக்கு வருகிறேன். கட்டிகள் பலமுறை வந்து போன இடத்தில் தோலுக்கு அடியில் சுரங்கம் போன்ற பாதைகள் உண்டாகின்றன. காற்றுப் புகாத அந்தப் பாதைகளில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகி, சீழில் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போதுதான் அந்த வாடை உண்டாகிறது. மேல்தோலை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இதனால்தான் தங்கச்சிமடத்து அக்கா சொன்ன, நீரைப் பிடித்து மாற்றும் முறை பலன் தருகிறது. அதனோடு, மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. கழுவுவதற்கு 4 சதவீத குளோர்ஹெக்சிடின் அல்லது பென்சாயில் பெராக்சைடு கொடுப்பார்கள். குளோர்ஹெக்சிடின் சோப்போடு சேர்ந்தால் வலுவிழந்துவிடும். ஆகவே சோப்பு போட்டிருந்தால் அதை முழுதாக அலசிய பிறகு பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அது பட்ட துணியைப் பிளீச்சிங் பவுடரில் போட்டால் பழுப்புக் கறை விழும், பிறகு போகவே போகாது. பென்சாயில் பெராக்சைடோ வண்ணத் துணியை வெளுக்க வைத்துவிடும். வாடை மிகுந்த புண்ணுக்கு மெட்ரோனிடசோல் களிம்பு பயன்படுத்துவது உண்டு. மேலே சொன்ன நுண்ணுயிரிகளை அது கட்டுப்படுத்துகிறது. அதைக் கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துங்கள்.

கரியைப் பற்றிய யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. வாடையை உறிஞ்சும் கரிக்கட்டு என்று ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. அதில் இருப்பது மிக நுண்ணிய துளைகள் கொண்டதாகச் செய்யப்பட்ட கரி, அதையும் புண்ணில் படாமல் கட்டின் மேலடுக்கில்தான் வைப்பார்கள். மூட்டத்துக் கரியை இடித்துத் திறந்த புண்ணில் பூசினால், துகள் உள்ளே தங்கிப் புதிய தொல்லையாகும். துணிப் பெட்டியில் வேண்டுமானால் ஒரு சிறு பையில் கட்டி வையுங்கள். வேப்பிலை, மஞ்சள் விழுதும் கசியும் வாய்களில் வேண்டாம். நவபாஷாணத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புண் வாய் திறந்திருக்கும் நாட்களில் மட்டும் கடலில் இறங்காதீர்கள், வெதுவெதுப்பான கடல் நீரில் திறந்த புண் வழியாகக் கடுமையான தொற்று உண்டாக்கும் கிருமிகள் இருக்கின்றன. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். தலையில் தெளித்துக்கொண்டு வாருங்கள்.

வாடை நிலையாகக் குறைய வேண்டுமானால் நோயைக் குறைக்க வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளைச் சில மாதங்கள் கொடுப்பார்கள். கிளிண்டாமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பத்து வாரங்கள் கொடுக்கும் முறையும் உண்டு. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து என்பதால், காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே தொடங்குவார்கள். அடாலிமுமாப் என்ற ஊசிக்கு இந்த நோய்க்காக 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கும் காசநோய்ப் பரிசோதனை முன்கூட்டியே அவசியம், விலையும் அதிகம். சுரங்கப் பாதைகள் நிலைத்துவிட்ட இடத்தில், வெறுமனே கீறுவதற்குப் பதிலாக அவற்றின் மேற்கூரையை அகற்றித் திறந்து ஆற விடும் அறுவை இருக்கிறது. உங்களுக்கு நான்கு முறை கீறியும் திரும்ப வந்திருப்பதால், அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டலாம். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், சிவப்பு வேகமாகப் பரவுதல், வாடை ஒரே நாளில் திடீரென மாறுதல், பல ஆண்டுப் புண் ஒன்று தடித்து வளர்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த புறநோயாளர் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.


பதில் 3: விசைப்படகுக்காரன், மண்டபம்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். ஆண்கள் இதைப் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்குத் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் இருக்கிறது. படகில் இரவு முழுவதும் ஈரக் கால்சட்டை, மீன் கழிவு நீர், உட்கார்ந்து உட்கார்ந்து உராய்வு. வலை இழுக்கிற இடத்தில் மீன் வாடையோடு என் வாடையும் போய்விடும் என்பது எனக்கு ஒரு மறைவாக இருந்தது. கரைக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கும்போதுதான் மனம் கூசும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் நான் கரையில் இருப்பேன். அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தும் அந்த நாட்களில்தான் எனக்குக் கட்டிகள் குறைவாக வந்தன. சூட்டுக் கட்டி என்றால் அப்போதுதானே அதிகம் வர வேண்டும் என்று நானே யோசித்து, மதுரையில் போய்க் காட்டினேன். ஈரமும் உராய்வும் இல்லாதது ஒரு காரணம் என்றார் மருத்துவர். பீடியை விடச் சொன்னார். விட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது படகில் இரண்டு மாற்று வேட்டித் துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். கடல் நீர் பட்டால் கொண்டுபோன நல்ல தண்ணீரில் ஒரு குவளை ஊற்றித் துடைத்து மாற்றிக்கொள்வேன். கூட வருகிற பையன்கள் முதலில் கேட்டார்கள். "மயிர்க்கால் நோய், ஒட்டாது" என்று ஒரே வரியில் சொன்னேன், அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.


கேள்வி கேட்டவரின் பதில்: நெய்தல்மகள், தேவிபட்டினம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அக்காவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 13 ஆண்டுகளாக நாங்கள் இருவரும் இதைப் பற்றி நேராகப் பேசியதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது காலையில் அம்மாதான் சொல்கிறார்.

போன சனிக்கிழமை தோல் மருத்துவரிடம் போனேன். நீங்கள் எழுதிய பெயரைத் தாளில் காட்டினேன்; அவர் படித்துவிட்டு, கையை வைத்துத் தொட்டுப் பார்த்து, அதே நோய்தான், இரண்டாம் நிலையில் இருக்கிறது என்றார். கையுறை போட்ட விரல்தான் என்றாலும், முகம் சுளிக்காமல் ஒருவர் அந்த இடத்தைத் தொட்டது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. மாத்திரையும் கழுவும் மருந்தும் களிம்பும் கொடுத்திருக்கிறார், இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், இடது பக்கத்து அறுவை பற்றி இரண்டு மாதம் கழித்துப் பேசலாம் என்றார்.

கட்டு மாற்றுவதற்காகத் தலைமை ஆசிரியையிடம் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபத்து ஐயா எழுதிய ஒரே வரியைத்தான் சொன்னேன். மூன்றாம் பிரிவேளைக்குப் பிறகு பத்து நிமிடமும், நூலகத்துக்குப் பின்னால் பூட்டுப் போட்ட குளியலறையின் சாவியும் கொடுத்தார். நாற்காலியை நகர்த்தியவரிடம் இன்னும் பேசவில்லை. அதற்கு எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். வாடை முழுதாகப் போகவில்லை, ஆனால் மதியம் வரை இல்லை. மல்லிகையை இப்போது ஆசைப்பட்ட அன்று மட்டும் வைக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது நாப்கின் சுருண்டு கீழே இறங்கிவிடுகிறது. இதற்கு என்ன செய்வது, அக்கா?


பதில் 4: தங்கச்சிமடத்து அக்கா

தங்கையே, ரவிக்கையின் உள்பக்கம், கைக்குழியின் அடியில், பழைய பருத்தி வேட்டித் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பை தைத்து, மேல் வாயைத் திறந்து விடச் சொல்லுங்கள். நாப்கினை அதற்குள் செருகினால் கையைத் தூக்கினாலும் நகராது. தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் தழும்பில் உரசும். நான்கு ரவிக்கைகளுக்குத் தைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போதும் ஒன்று காயும்போதும் கைவசம் இரண்டு இருக்கும்.